மையத்துக்கு மேலே, இடது பக்கம்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்திருக்கிறேன். புது ஆய்வு தொடங்குகிறது. நாளைக்கு யாராவது வந்து, "அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். இந்த மருத்துவமனையில் வாய் வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

இங்கே எனக்கு 'ரீடர்' என்று பெயர். புத்தகம் எதுவும் வாசிப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள் கேமரா எடுக்கும் படங்களை வாசிக்கிறேன். விழித்திரை ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக இருக்கும், மேலே ரத்தக் குழாய்கள் வேர் விட்டு ஓடும். எங்கே வீக்கம், எங்கே கசிவு, எங்கே ரத்தம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் கண் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அந்தக் கண்களுக்குரிய முகங்களில் பத்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. சுவருக்குக் கருப்புப் பெயின்ட். இரண்டு மேசை, இரண்டு திரை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பர்வீன். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேரும் தனித்தனியாக வாசிப்போம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக் கூடாது. படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும். மையத்துக்குப் பக்கத்தில் புது ரத்தம் தெரிந்தால் 'அவசரம்' என்ற கட்டத்தைத் தட்ட வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் தட்டினாலே போதும், மறுநாள் அந்த நோயாளியை போன் போட்டு வரச் சொல்வார்கள்.

டாக்டர் வேதநாயகி காலையில் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். அவருக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும்.

"சர்க்கரை கூடுனா ரத்தக் குழாயோட உள்சுவரு புண்ணாயிடும். வெள்ளையணு காவலுக்கு ஓடியாந்து அந்தச் சுவத்துல ஒட்டிக்கும். ஒட்டுனது நகராது. குழாய் அடைபடும், சுவரு இத்துப்போகும், கசியும். கசிஞ்சதப் பாத்து இன்னும் நூறு ஓடியாரும். இதுதான் அழற்சி. கையில முள்ளு குத்துனா சிவந்து வீங்குதுல்ல, அதேதான். ஆனா விழித்திரைக்கு வலி தெரியாது. உள்ள எது நடந்தாலும் வீட்டுக்காரருக்குச் சேதி வராது."

அந்த அழற்சியைத் தணிக்க ஒரு சொட்டு மருந்து. அறுநூறு பேரில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மணப்பாறை, துறையூர், லால்குடி முகாம்களிலிருந்து படம் வரும்.

"சர்க்கரை இருக்கிற ஸ்டாஃப் எல்லாரும் இந்த மாசம் படம் எடுத்துக்கணும்" என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொன்னார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலை ஆறு மணிப் பூசைக்கு நானும் வீட்டுக்காரர் சூசைராஜும் போனோம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். இவர் அப்படியே பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் பஸ் பிடித்தேன்.

இன்றிலிருந்து நாற்பது நாள் காப்பிக்குச் சர்க்கரை இல்லை, இறைச்சி இல்லை, காலைப் பலகாரம் இல்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்து எட்டு நாளாகிறது. சாப்பாட்டையே குறைத்த பிறகு மாத்திரை எதற்கு? பாஸ்குத் திருநாள் முடிந்து வாங்கிக்கொள்ளலாம்.

மதியம் ஒரு வேடிக்கை. பர்வீன் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் சாம்பல்.

"என்ன பர்வீன், நீயும் கோயிலுக்குப் போயிட்டு வந்தியா?"

"நானே நோன்புல தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க வேற சும்மா இருங்கக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். இந்த வருடம் ரமலானும் தவக்காலமும் சேர்ந்து வந்திருக்கின்றன. இந்த இருட்டறையில் இரண்டு பட்டினிக்காரிகள்.

அவள் நெற்றியில் இருந்தது சாம்பல்தான். நடு நெற்றியில் இல்லை, சற்று இடது பக்கம் தள்ளி. எங்கேயாவது சுவரில் இடித்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் 6, வியாழன்

இவர் குளித்துவிட்டு வந்தும் நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது.

"சோப்பு போட்டுத் தேய்ங்க."

"நேத்தே தேய்ச்சாச்சு ஜெசி. கண்ணாடியில பாரு, ஒண்ணுமில்ல."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் நெற்றியிலும் இருந்தது, பக்கத்தில் நின்ற என் நெற்றியிலும் இருந்தது. கண்ணாடி துடைத்து நாளாகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

முதல் ரத்தம். எண் 0044, லால்குடி. மையத்துக்கு மேலே, இடது பக்கம், புளியங்கொட்டை அளவு. அவசரம் தட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

வாசிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். படம் திறந்ததும் முதலில் மையம். அங்கே இரண்டு விநாடி. பிறகு நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் நரம்புத் தட்டு, பிறகு நாலு மூலை. பர்வீன் எங்கு வேண்டுமானாலும் தொடங்குவாள், வெளியூர்க்காரி கடைத்தெருவில் நுழைந்த மாதிரி. என் முறையில் எதுவும் தப்பாது.

இன்று மூன்று படங்களில் ரத்தம். மூன்றும் மையத்துக்கு மேலே, இடது பக்கம். ஒன்று லால்குடி, இரண்டு மணப்பாறை. ஒருவரை ஒருவர் பார்த்திராத மூன்று பேர்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது பேர்.

மார்ச் 13, வியாழன்

இதை டாக்டரிடம் சொல்வதற்கு முன் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் புத்தி தெளியும்.

ஒன்று. ரத்தம் எல்லோருக்கும் ஒரே இடத்தில். வலக்கண் படத்தில் நரம்புத் தட்டு வலது பக்கம் இருக்கும், இடக்கண் படத்தில் இடது பக்கம். கடவுள் இரண்டு கண்ணையும் எதிரெதிராகப் படைத்திருக்கிறார், நோயும் அப்படித்தான் வரும். இதுவோ வலக்கண் ஆனாலும் இடக்கண் ஆனாலும் படத்தின் இடது பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குக் கண்ணின் பக்கம் தெரியவில்லை, என் பக்கம்தான் தெரிகிறது.

இரண்டு. அது சாதாரண ரத்தக் கட்டு மாதிரி நிற்பதில்லை. மையத்தைப் பார்க்கும்போது தெளிவாக இருக்கிறது. அதையே நேராகப் பார்க்கலாம் என்று கண்ணைத் திருப்பினால் நகர்ந்துவிடுகிறது. சமையல்கட்டு எலிக்கு விளக்கைப் போட்ட மாதிரி.

சொட்டு மருந்தால் வருகிறதோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய டாக்டர்கள் கண்டுபிடிக்காததை ஜெசிந்தா மேரி கண்டுபிடித்தாள் என்று வரும். ஆனால் இன்று வந்த துறையூர்க்காரர்களுக்கு இன்னும் மருந்தே கொடுக்கத் தொடங்கவில்லை. அவர்களுக்கும் இருக்கிறது.

டாக்டரிடம் சொல்லவில்லை. அவசரக் கட்டத்தையும் மிக நிச்சயமாகத் தோன்றியவற்றுக்கு மட்டும் தட்டுகிறேன்.

அரிசியில் இப்போதெல்லாம் கருப்புக் கல் நிறைய. பொறுக்கப் போனால் கையில் அகப்படுவதில்லை. கடையை மாற்ற வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

புளியங்கொட்டை இல்லை. கீழே கால் முளைத்திருக்கிறது. மேலே ஒரு சிறு உருண்டை. தலை குனிந்து நிற்கும் ஆள்.

மார்ச் 17, திங்கள்

இனி 'அது' என்று எழுத முடியவில்லை. அவன்.

இன்று நூற்றுப் பத்துப் படங்கள். நூற்றுப் பத்துக் கண்ணிலும் அவன் நிற்கிறான். ஒரு கண்ணை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தால் எனக்கு முன்னால் போய் நிற்கிறான். பெரிதாகிவிட்டான். வெள்ளிக்கிழமையைவிட ஓரடி கிட்டே வந்திருக்கிறான் என்று தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு படம் திறப்பதற்கு முன்பும் சிலுவை போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்குப் பர்வீன் தடுப்பைத் தட்டினாள்.

"அக்கா, என்ன ஆச்சு? பெருமூச்சா விடுறீங்க."

"பட்டினி. உனக்கு ஒண்ணும் படத்துல வித்தியாசமா தெரியலையா?"

"வாசிச்சதப் பேசக் கூடாதுல்ல."

சட்டம் பேசுகிறாள். தெரியவில்லை என்றுதானே அர்த்தம். விடிகாலை நாலு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் அவளிடம் இல்லை. இவளுடைய வாசிப்பை நம்பி அறுநூறு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். இவருக்கு ஒர்க்‌ஷாப் சட்டை இரண்டு துவைத்தேன். பின்பக்க வெள்ளைச் சுவரில் அவன் நின்றான். வீட்டுக்கு வர வேண்டும் என்று அவனுக்கு யார் வழி சொன்னார்கள்?

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். நான் ரத்தம் என்று குறித்து, பர்வீன் இல்லை என்று குறித்த படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவரே எல்லாவற்றையும் மூன்றாவதாகப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணுலகூட இல்லையே ஜெசிந்தா."

"பர்வீன் நோன்புல இருக்கா டாக்டர்."

"நானும் பாத்தேன்னு சொன்னேன். நான் நோன்புல இல்ல."

கேமராவில் தூசி இருக்கும் என்றேன். மூன்று ஊரிலும் மூன்று கேமரா என்றார். என் திரையில் கோளாறு இருக்கும் என்றேன். சரி, திங்கட்கிழமை திரையை மாற்றச் சொல்கிறேன் என்றார். அவர் கோபப்படவில்லை. பதினான்கு வருடத்தில் என் வாசிப்பில் பிழை வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். எழுந்து வரும்போது கேட்டார்:

"நீங்க கடைசியா எப்ப படம் எடுத்துக்கிட்டீங்க?"

"போன வருஷம் டாக்டர்."

போன வருடம் கேமரா ரிப்பேர். அதற்கு முந்தின வருடம் எனக்கு ஜலதோஷம். அதற்கும் முந்தி எடுத்தேனா என்று நினைவில்லை.

பேசும்போது அவர் நெற்றியில் அவன் நின்றுகொண்டிருந்தான். சொன்னதை எல்லாம் கேட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்று, முறை வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இடது கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே. வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, அழகான கண்தான். பெண் பார்க்க இவர்கள் வந்தபோது, "வாயத் தொறந்துடாத" என்று அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். கல்யாணம் முடிந்து சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு முதல் பிள்ளை தங்கட்டும் என்று நினைத்தேன். தங்கவில்லை. பிறகு அது ஒரு பொய்யாகவே இல்லாமல் போய்விட்டது. இருபத்திரண்டு வருடம்.

ரீடர் வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனை உண்டு. மருத்துவமனையில் மூன்று பார்வை அட்டைகள்தான். இங்கே டைப்பிஸ்டாக இருந்தபோதே மூன்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினேன். மேலிருந்து கீழே கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன். "அருமையான பார்வை" என்று எழுதினார்கள்.

ஆக, எனக்கு இருப்பது ஒன்றுதான். அதனால்தான் படம் எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிவிட்டேன். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆனவளின் கண்ணில் என்னென்ன இருக்கும் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்க மாட்டார்கள். தெரிந்தவளுக்குத்தான் அந்த கேமராவில் நாடியை வைக்கப் பயம். மாட்டிக்கொள்வேன் என்றுகூட இல்லை. பார்த்துவிடுவேன் என்று.

ஆனால் நான் வாசிக்கும் கண்களில் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 24, திங்கள்

புதுத் திரை வந்தது. அவன் அதிலும் இருந்தான்.

பதினோரு மணிக்கு கேமரா டெக்னீஷியன் சின்னராசு வந்தார். மாதம் ஒருமுறை கேமராவைச் சரிபார்க்க ஒரு மாதிரிக் கண்ணைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார். எலுமிச்சம்பழம் அளவு பிளாஸ்டிக் உருண்டை. உள்ளே ஆரஞ்சு பெயின்ட், சிவப்புக் கோடுகள். ஜெர்மனியிலிருந்து வந்தது, அதற்குச் சர்க்கரை கிடையாது.

திறந்தேன். முதலில் மையம்.

மையத்துக்கு மேலே, இடது பக்கம், தலை குனிந்து நின்றான்.

சின்னராசு பின்னால் நின்று, "க்ளீனா இருக்குல்ல மேடம்?" என்றார்.

"க்ளீனா இருக்கு" என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

பிளாஸ்டிக்கில் ரத்தம் ஓடாது.

மார்ச் 26, புதன்

வயிற்று வலி என்று லீவு போட நினைத்தேன். போடவில்லை. போயிருக்கவே வேண்டாம், அல்லது போனதுதான் நல்லது. எது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு சின்னராசு கதவைத் தட்டினார். "மேடம், வெளிய ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. நீங்க சனிக்கிழமை அவசரம் போட்டு வரச்சொன்ன கேஸு. டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. போக மாட்டேங்கிறாரு. படத்தப் பாத்தவங்களப் பாக்கணுமாம்."

நோயாளிகளை நாங்கள் பார்ப்பதில்லை. நான் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறுபது வயதிருக்கும். பெயர் பொன்னுரங்கம், துறையூருக்கு மேலே ஏதோ கிராமம். மருந்து ஊற்றிக் கண்மணி விரிந்திருந்ததால் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சேலை நிறத்தை வைத்து நர்ஸ் என்று நினைத்துக் கும்பிட்டார்.

"நீங்களாம்மா பாத்தது? முந்தாநேத்து போன் வந்துச்சு. கண்ணுல ரத்தம் எறங்கியிருக்கு, ஒடனே வாங்கன்னாங்க. சொல்லிட்டு வச்சிட்டாங்க. நேத்துப் பூராவும் நான் வேலைக்குப் போவல. வீட்டுல ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாளைக்குத் தெரியுமோ தெரியாதோன்னு."

"இப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல, ஐயா."

"சொன்னாங்க. ரெண்டு டாக்டரு பாத்தாங்க. சந்தோஷம்தான்." சண்டைக்கு வந்தவர் இல்லை, நிஜமாகவே அவருக்குச் சந்தேகம். "ஆனா நீங்க ரத்தத்தப் பாத்ததும் உண்மைதான? பாக்காம எழுத மாட்டீங்கல்ல. அப்ப அந்த ரத்தம் யாரு கண்ணுலம்மா இருக்கு? அவுங்களக் கூப்பிட்டுச் சொல்லுங்க. எனக்கு வர வேண்டிய போனு இல்ல அது."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் அவன் நின்றான். முதல் முறையாக, அவன் அந்தப் பெரியவருடையவன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் அது எனக்கு முன்பே தெரியும். அழுகை வந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார்.

மார்ச் 27, வியாழன்

சின்னராசு சாப்பிடப் போவதற்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒரு படம் எடுங்க. வலது மட்டும் போதும்."

"ரெண்டும் எடுத்தாத்தான் மேடம் மிஷின் அடுத்ததுக்குப் போகும்."

நாடியை வைத்தேன். பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் அடித்தது. அறை முழுக்க ஊதாவாகி, அந்த ஊதாவில் அவன் மட்டும் கருப்பாக நின்றான். கேமராவின் திரையை நான் பார்க்கவில்லை. சின்னராசும் எதுவும் சொல்லவில்லை. எப்போதும் ஏதாவது சொல்கிறவர்.

"என் பேரு போடாதீங்க. நம்பர் போட்டு வரிசையில விடுங்க."

0617 என்று போட்டார்.

அறைக்குத் திரும்பி என் வரிசையில் இருந்த மற்றப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசிக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பர்வீனின் மவுஸ் சத்தம் மட்டும். டிக், டிக். ஒரு படத்துக்கு இருபது டிக் வரும். மூன்று மணி சுமாருக்குச் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பர்வீன் இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சட்டத்தை மீறினாள்.

"அக்கா, உங்களுக்கு 617 வந்துச்சா?"

"இன்னும் தொறக்கல."

"யாரோ தெரியல. பாவம்க்கா. இவ்வளவு நாள் எப்படி வெளிய சொல்லாம இருந்தாங்களோ."

"வாசிச்சதப் பேசக் கூடாது பர்வீன்."

"பேசல" என்றாள். ஒரு டிக். அது அவசரக் கட்டம் என்று எனக்குத் தெரியும், அதற்கு மட்டும் சத்தம் வேறு.

நான் 0617-ஐத் திறந்தேன். முதலில் மையம். என் முறை அது.

மையம் வீங்கியிருந்தது. சுற்றிலும் மஞ்சள் துகள்கள், கசிந்து உறைந்தவை. குழாய்கள் மணிமணியாகத் திரண்டிருந்தன. ஒவ்வொரு திரளிலும் வெள்ளையணுக்கள் போய் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. காவலுக்கு வந்தவை. எனக்கு ஒரு சேதியும் சொல்லாமல் இத்தனை வருடம் உள்ளே நின்று என்னைக் காவல் காத்திருக்கின்றன.

மேலே இடது பக்கம் வழக்கம்போல அவன் நின்றான். கீழே இடது பக்கம் இன்னொருவன், தலைகீழாக. அவன்தான் நிஜமாகவே படத்தில் இருந்தான். கண்ணுக்குள் கீழே இருப்பது நமக்கு மேலே தெரியும், மேலே இருப்பது கீழே. பதினான்கு வருடமாகப் புதுப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். குளக்கரையில் நிற்கிற ஆளும் தண்ணீரில் அவன் நிழலும் போல இரண்டு பேரும் காலோடு கால் ஒட்டி நின்றார்கள். மேலே இருப்பவனைப் பார்க்கப் போனேன், நகர்ந்தான். கீழே இருப்பவனைப் பார்த்தேன். நகரவில்லை. பார்க்கப் பார்க்க நின்றான்.

படிவத்தை ஒழுங்காக நிரப்பினேன். வீக்கம், உண்டு. கசிவு, உண்டு. விழித்திரைக்கு முன்னால் ரத்தம், உண்டு, மையத்துக்குக் கீழே, இடது பக்கம். அவசரம்.

பிறகு எழுந்து தடுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பட்டினியில் ஜில்லென்று இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் வேதநாயகி ஒரு மணி நேரம் பார்த்தார். பாடம் எடுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் நான் பார்த்தது என்னைத்தான் என்று சொன்னேன். ஆய்விலிருந்து என் வாசிப்பு முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள், வேறு ரீடர் வைத்து மறுபடி வாசிப்பார்கள். அவசரம் போட்டு வரவழைத்த பதினேழு பேருக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கண் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்றார்.

வீக்கத்துக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி. அழற்சியைத் தணிக்கும் மருந்து, மூன்று நாலு மாதம் உள்ளே இருந்து வேலை செய்யுமாம். ரத்தம் தானாகக் கரைந்தாலும் கரையும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். "சீக்கிரம் வந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். சர்க்கரை முந்நூற்று நாற்பது. மாத்திரையைப் பற்றிக் கேட்டார். தவக்காலம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் இடது கண்ணுக்கு வந்தார். அட்டையைக் காட்டினார். ஒப்பிக்கவில்லை. தெரியவில்லை என்றேன்.

"அப்ப இதுதான் ஒரே கண்ணு." பேனாவை மூடி வைத்தார். "வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"ஊசிக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணும் ஜெசிந்தா. புதன்கிழமை கூட்டிட்டு வாங்க."

மார்ச் 31, திங்கள்

ரமலான் பெருநாள். பர்வீன் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தவக்காலம் என்று நான் தொடவில்லை, இவர் தன் பங்கை வெள்ளை மனதோடு சாப்பிட்டார். கண்ணில் லேசாக வீக்கம், புதன்கிழமை ஒரு ஊசி, துணைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். மீதியைச் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் அவர் நெற்றியில் அவன் நின்றான்.

ஏப்ரல் 3, வியாழன்

கட்டுப் பிரித்துவிட்டார்கள். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வருகிறது. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வலது கண்ணில் சொட்டு ஊற்றிக் கண்மணியை விரித்ததும் கிட்டத்தில் இருக்கும் எழுத்து எதுவும் தெரியவில்லை. நர்ஸ் இரண்டு பக்கத் தாளை நீட்டினாள். நோயாளியும் உறவினரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவுங்களுக்கு இப்பப் படிக்க வராது. நீங்க சத்தமா படிச்சுக் காட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒர்க்‌ஷாப் நோட்டீசைப் படிப்பது போல ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். நோயாளியின் பெயர். வயது நாற்பத்தேழு. ஊசியினால் வரக்கூடிய கெடுதல்கள், ஒன்று, இரண்டு, மூன்று. பக்கம் திருப்பினார்.

"நோயாளிக்கு இடது கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சிகிச்சை அளிக்கப்படுவது பார்வையுள்ள ஒரே கண்ணுக்கு என்பதை உறவினராகிய நான்..."

நிறுத்தினார்.

பக்கத்து அறையில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு சக்கர நாற்காலி போனது. என்னிடம் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் முகம் இருந்த இடத்தில் எனக்கு வெறும் கலங்கல், அதற்கு மேலே இடது பக்கம் கருப்பு. கோபமா, அழுகையா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. தாள் லேசாகச் சரசரத்தது. அந்த வரியை மனதுக்குள் மறுபடி படிக்கிறார் என்று தெரிந்தது.

"...அறிவேன்" என்று படித்து முடித்தார். பிறகு, "பேனா இருக்கா?" என்று கேட்டார். என் கைப்பையைத் தானே திறந்து எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மெதுவாகப் போட்டார்.

ஊசியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலிக்கவில்லை. கண்ணுக்குள் ஒரு நூல் போல ஏதோ விழுந்தது, மெல்லச் சுருண்டு கீழே போயிற்று, அதாவது மேலே போயிற்று. பிறகு கட்டுப் போட்டுவிட்டார்கள். இடது கண்ணில் வழக்கமான வெளிச்சமும் நிழலும் மட்டும். இவர் என் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிவந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் பேசாமல் நடந்ததில்லை.

ஆட்டோ வந்து நின்றது. என்னைக் கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு, ஏறாமல் நின்றார்.

"நான் எந்தப் பக்கம் உக்காரட்டும் ஜெசி?"

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"இன்னைக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதாங்க" என்றேன். "நாளையிலேர்ந்து வலது பக்கம்."